ஒன்று கூட்டித் தட்டு

இதை நான் பகலில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தே முக்கால். என் மனைவி மரியநாயகி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் வாங்கிப் படிக்கிறாள். நான் ஒரு நிமிஷத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் அவள் திருத்துவாள். நடந்ததில் ஒரு பகுதியை அவளும் தன் காதால் கேட்டவள்.

நீங்கள் என்னை நம்பாமல் போவதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்லீரல் சுருங்கும் நோய். அது முற்றினால் மூளை குழம்பும். இல்லாத சத்தம் கேட்கும். இல்லாத ஆள் தெரியும். ஆகவே இதை வாசித்துவிட்டு, "அவனுக்கு ஈரல் கெட்டது, ஏதோ கேட்டிருக்கும்" என்று நீங்கள் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, அது சரியா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அதனால்தான் இவ்வளவு நேரக் கணக்கு.

என் பெயர் அமிர்தநாதன். வயது நாற்பத்தேழு. கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டன் போகும் பாதையில், மெயின் ரோட்டை விட்டு மேலே ஏறும் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனாக இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நாங்கள் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பத்தொன்பது வருஷம் இராத்திரி வேலை. தேயிலைத் தொழிற்சாலைக்கு இராத்திரிதான் பகல். மாலையில் வரும் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைத் தள்ளி வாட்டுவோம். வாடி முடிய விடியற்காலை இரண்டு மூன்று மணி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் அரைக்கும் மெஷின்கள் ஓடும். ஆகவே, போன வருஷம் நோய்க்காக என்னைப் பகல் வேலைக்கு மாற்றிய பிறகும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது, பழைய பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

பழக்கம் இல்லை. கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் அதை எனக்கு விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். இருட்டு விழுந்ததும் அது ஒரு பொருளைச் சுரக்கச் சொல்லும். "இனித் தூங்கலாம்" என்று உடம்பு முழுவதற்கும் போகும் அறிவிப்பு அது. இரத்தத்தில் இருக்கும் அந்த அறிவிப்பை அவ்வப்போது துடைத்து எடுப்பது கல்லீரலின் வேலை. கல்லீரல் பழுதானால் துடைக்க ஆள் இல்லை. அறிவிப்பு பிந்தி எழும். பகலிலும் மிதந்துகொண்டே இருக்கும். மனிதன் பகலெல்லாம் சொக்குவான். இராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். பகல் வேலையையும் நான் விட்டது அதனால்தான்.

"இது தொடக்கம்தான்" என்றார் டொக்டர். குடலில் உண்டாகும் அமோனியாவையும் இந்த ஈரல் வடிகட்டாது. அது மூளைக்கு ஏறினால் கை நடுங்கும், கணக்குப் பிசகும், பிறகு நினைவு தப்பும். அதைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளத்தான் தினமும் ஒரு தித்திப்புப் பாணி மருந்து. குடித்தால் நாளைக்கு இரண்டு மூன்று தரம் வெளியே போக வேண்டும். போகாவிட்டால் ஆபத்து.

வீட்டில் செய்ய இரண்டு சோதனைகளும் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, பஸ்ஸை மறிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை நிமிர்த்த வேண்டும். கை சிறகடிப்பதுபோல் விழுந்து எழுந்தால் அமோனியா ஏறுகிறது. மற்றது, தாளில் ஐந்து முனை நட்சத்திரம் வரைய வேண்டும். கோடு கூடாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. மரியநாயகி தினமும் மாலை ஆறு மணிக்கு என்னை நட்சத்திரம் வரைய வைப்பாள். ஒரு நாள் தவறியதில்லை.

எங்கள் லயத்தில் என் அடுத்த வீட்டில் இன்னொரு ஈரல் நோயாளி இருந்தார். கந்தப்பன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்தவர். அவருக்குக் குடியால் வந்தது. எனக்குச் சர்க்கரை நோயால் வந்தது. நான் ஒரு நாளும் குடித்ததில்லை. அது அவருக்குப் பெரிய சிரிப்பு.

"குடிச்சவனுக்கும் இதே பாணி, குடிக்காதவனுக்கும் இதே பாணி" என்பார். "நீ வீணாப் போயிட்டியேடா தம்பி, ஒரு சொட்டு ருசி பாக்காம."

அவருக்கும் என்னைப்போல இராத்திரித் தூக்கம் கிடையாது. ஒரு தடவை கிளினிக் முடிந்து பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "நம்ம ரெண்டு பேரும் வாச்சர் வேலைக்கு எழுதிப் போடுவோம். தொரைக்கு ஒரு சம்பளத்துல ரெண்டு ஆள்."

அந்த பஸ்ஸில்தான் ஓர் ஏற்பாடு செய்தோம். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டி. என் கட்டிலும் அப்படியே. இராத்திரி விழித்திருக்கும்போது சுவரில் தட்டலாம். மற்றவர் பதில் தட்டலாம் என்றார் அவர். அது போதாது என்றேன் நான். புத்தி குழம்பியவனும் கேட்டதைக் கிளிப்பிள்ளைபோல் திருப்பித் தட்டுவான். ஆகவே கணக்கு வேண்டும். நான் இரண்டு தட்டினால் நீங்கள் மூன்று தட்டுங்கள். நான்கு தட்டினால் ஐந்து. எப்போதும் ஒன்று கூட்டி. ஐந்துக்கு மேல் நான் தட்டமாட்டேன்.

"பதில் வரலைன்னா?"

"கதவ ஒடைச்சிட்டு வருவேன்."

"தப்பா வந்தா?"

"அப்பவும் ஒடைப்பேன்."

"ஒட ஒட. தோட்டத்துக் கதவுதானே" என்று சிரித்தார்.

பதில் சரியாக வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசவில்லை. சரியாக வந்தால் நிம்மதியாகப் படுக்க வேண்டியதுதானே.

ஆடி மாதம். ஒரு திங்கட்கிழமை காலை அவர் மனைவி மீனம்மா கொத்மலைக்குக் கிளம்பினாள். மகள் ஜீவராணிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. மீனம்மா என்னை விட நாலைந்து வயது மூத்தவள். பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"தம்பி, இவர ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். பாணிய மூணு வேளையும் குடிக்க வைங்க. குடிச்சேன் குடிச்சேன்னு பொய் சொல்லுவாரு."

உள்ளேயிருந்து கந்தப்பன் கத்தினார். "போ புள்ள, போயி பேரப்புள்ளயப் பாரு. நான் என்ன பால்குடியா?"

"பால்குடியா இருந்தா இடுப்புல தூக்கிட்டுப் போயிருவேனே!"

நான் தைரியம் சொன்னேன். "நான் இராத்திரி முழுக்க முழிச்சுத்தானே இருக்கேன் அக்கா. பயப்படாமப் போங்க."

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நான் "இரவு" என்பது விடியும் வரை. திங்கள் இரவு 2.10 என்றால், கடிகாரப்படி செவ்வாய் பிறந்து இரண்டு மணி பத்து நிமிஷம்.

திங்கள் இரவு 2.10. நான் இரண்டு தட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு... டொக். டொக். ஓர் இடைவெளி. டொக். எண்ணித் தட்டுகிறார் என்று தெரிந்தது. 3.20க்கு நான்கு தட்டினேன். அவரும் நான்கே தட்டினார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அரை நிமிஷம் கழித்து மறந்துபோன ஐந்தாவதையும் தட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

செவ்வாய் மாலை 6.15. தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பார்த்தேன். கம்பளிச் சட்டையின் பித்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். அருகில் போனதும் மூச்சில் ஒரு வாடை. பழுத்துக் கெட்ட பழம்போல இனிப்பாக. எங்கள் நோய்க்கே உரிய வாடை அது.

"பாணி குடிச்சீங்களாண்ணே?"

"குடிச்சேன்டா டொக்டரு."

"எத்தன தரம் வெளிய போனீங்க?"

"அதையும் ஒனக்கு எழுதிக் குடுக்கணுமா?"

கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். லேசாக விழுந்து எழுந்தது. ஒரு தடவைதான். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று யோசித்தேன். மழை பிடித்துக்கொண்டது. இராத்திரி கணக்குத் தட்டிப் பார்ப்போம், பிசகினால் உடனே ஆட்டோ பிடிப்போம் என்று முடிவு செய்தேன்.

அவரை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

செவ்வாய் இரவு 2.25. மூன்று தட்டினேன்.

டொக். டொக். டொக். டொக்.

நான் கையை எடுக்குமுன் வந்துவிட்டது பதில். இடையில் யோசனை இல்லை. ஒரே அளவான இடைவெளி. 2.50க்கு ஒன்று தட்டினேன், இரண்டு வந்தது. 3.30க்கு ஐந்து தட்டினேன், ஆறு வந்தது. ஒரு பிசகு இல்லை. பாணியை ஒழுங்காகக் குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மனசு குளிர்ந்தது. 5.10க்கு எனக்குத் தூக்கம் வந்தது.

புதன் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், மரியநாயகி ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுபோய் அவர் ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்தாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. திரும்பி வந்து என்னை உலுக்கினாள்.

"என்னங்க, அண்ணன் எந்திரிக்கல."

"மூச்சு இருக்கா?"

"கொறட்டையே இங்கன வரைக்கும் கேக்குதே. எழுப்பவா?"

இப்போது நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

"எழுப்பாத. எங்களுக்கு இதுதான் இராத்திரி. விடிய விடிய எனக்குச் சரியாப் பதில் சொன்னாரு. பாவம், தூங்கட்டும்."

வேறு எந்த லயத்திலும் ஒரு மனிதன் விடிந்த பிறகும் எழும்பாமல் கிடந்தால் நாலு பேர் கூடியிருப்பார்கள். எங்கள் லயத்தில் மட்டும் அது பழகிப்போயிருந்தது. பகலில் தூங்கும் இரண்டு ஆண்கள். பிள்ளைகள்கூட எங்கள் வாசலில் சத்தம் போடாமல் விளையாடும்.

மாலை ஐந்தரைக்கு அவள் மறுபடி பார்த்தாள். ரொட்டி அப்படியே. தேத்தண்ணீரில் ஆடை படர்ந்திருந்தது. "இன்னும் தூங்குறாரு. இப்பக் கொறட்டை இல்ல" என்றாள். குறட்டை நின்றது நல்லது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆழ்ந்த தூக்கம். நானே அன்று மூன்று மணி வரை தூங்கியவன். போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. இராத்திரி சுவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆறு மணிக்கு என் நட்சத்திரத்தை வரைந்தேன். ஐந்து முனையும் கூடியது.

புதன் இரவு 1.40. இரண்டு தட்டினேன். மூன்று வந்தது.

ஆனால் சத்தம் கட்டில் உயரத்திலிருந்து வரவில்லை. தரையை ஒட்டி வந்தது.

கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார் என்று நினைத்தேன்.

2.30. நான்கு தட்டினேன். ஐந்து வந்தது. இம்முறை என் தலைக்கு மேலே. கூரைத் தகரத்துக்குச் சற்றுக் கீழே. ஆள் ஏணி வைத்தால்தான் எட்டும் உயரம்.

எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. கல்லும் சாந்துமாகக் கட்டிய பழைய சுவர். உள்ளே எங்கெங்கோ பொந்து இருக்கும். ஒரு பக்கம் தட்டினால் சத்தம் வேறு பக்கம் வந்து வெடிக்கலாம். அந்த விளக்கத்தில் எனக்குத் திருப்திகூட வந்தது.

3.05. வேறொன்று கவனத்துக்கு வந்தது. அவர் இருமவே இல்லை. பின்பக்கக் கக்கூசின் தகரக் கதவு ஒரு தடவையும் சத்தம் போடவில்லை. பாணி குடிக்கும் மனிதன் இரண்டு நாளாக வெளியே போகவில்லையா?

3.45. மூன்று தட்டக் கையை ஓங்கினேன். ஒன்று தட்டினேன். இரண்டு தட்டினேன். மூன்றாவதற்குக் கை உயர்ந்திருந்தது...

டொக். டொக். டொக். டொக்.

மூன்றாவதை நான் தட்டவே இல்லை.

ஊகித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரவு தட்டவில்லை. விடியும் வரை விளக்கை அணைக்கவுமில்லை.

வியாழக்கிழமை விடாத மழை. அவர் வீட்டு ஜன்னல் பலகை சாத்தியிருந்தது. மரியநாயகி கதவருகே நின்று, "அண்ணே, சோறு வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து பலகையில் இரண்டு தட்டு கேட்டது. சரி, விழித்திருக்கிறார் என்று சாப்பாட்டை வாசற்படியில் மூடி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. பகலிலும் பதில் சொல்கிற மனிதரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன்! என் மூளையைத்தான் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. மாலை ஆறுக்கு நட்சத்திரம் வரைந்தேன். ஒன்றல்ல, மூன்று. மூன்றும் கூடின. கையை ஒரு நிமிஷம் நீட்டிப் பிடித்தேன். அசையவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொன்னேன். மரியநாயகி தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. எனக்குத்தான் தப்பிருச்சு" என்றாள்.

என் புத்தி தெளிவாக இருந்தது. அந்த இரவு முழுக்கத் தெளிவாக இருந்தது.

வியாழன் இரவு 2.12. ஒன்று தட்டினேன். இரண்டு வந்தது. ஈரத்துணி சுற்றிய கையால் தட்டியதுபோல் இருந்தது.

2.38. நான்கு தட்டலாம் என்று நினைத்தேன். கை போர்வைக்குள்தான் இருந்தது.

டொக். டொக். டொக். டொக். டொக்.

ஐந்து.

நான் அசையவில்லை.

2.40. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். மனசுக்குள் மட்டும் "இரண்டு" என்றேன்.

மூன்று வந்தது.

நாங்கள் ஐந்துக்கு மேல் போனதே இல்லை. "ஏழு" என்று நினைத்தேன்.

எண்ணினேன். எட்டு.

மரியநாயகியை எழுப்பினேன். அவளிடம் எதையும் விளக்கவில்லை.

"ஒரு நம்பர் நினை. சொல்லாத."

"என்னங்க இந்நேரத்துல..."

"நினை."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சுவர்...

டொக். டொக். டொக். டொக்.

அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"மூணு நினைச்சேன்" என்றாள்.

வெளியே ஓடினோம். அவர் கதவு தாழ் போட்டபடி இருந்தது. வாசற்படியில் சோறு மூடியபடி. "அண்ணே! கந்தப்பண்ணே!" பதில் இல்லை. லயத்தின் கடைசி வீட்டில் ஆட்டோ ஓட்டும் சின்னராசாவை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே, ரெண்டு பேரும் சேந்து ஊரையே முழிக்க வைக்கிறீங்களா?"

"அலவாங்க எடு. கதவ ஒடைக்கணும்."

என் முகத்தைப் பார்த்தான். ஓடிப்போய் அந்தக் கனத்த இரும்புக் கம்பியை எடுத்து வந்தான்.

அலவாங்கை இடுக்கில் கொடுத்து நெம்பினான். உள்ளே தட்டும் சத்தம் தொடங்கியது. இப்போது சுவரில் இல்லை. கதவுப் பலகையில். எங்களுக்கு நேர் எதிரே.

"அவருதானே தட்டுறாரு, தெறக்கச் சொல்லுங்கண்ணே!"

"நெம்பு."

தாழ் பிய்ந்தது. 3.04.

சத்தம் நின்றது.

கதவுக்குப் பின்னால் யாருமில்லை.

டோர்ச் அடித்தேன். கந்தப்பன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். போர்வை கழுத்து வரை. இரண்டு கையும் தொடைகளுக்கு நடுவே செருகியிருந்தன. தொட்டேன். கட்டில் சட்டத்தைத் தொட்டதுபோல் இருந்தது.

அந்த இனிப்பு வாடை இல்லை. வேறு வாடை.

சின்னராசா பின்னால் நகர்ந்தான். "இன்னைக்குச் செத்தவரில்லண்ணே இவரு..."

மரியநாயகி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் நின்றோம். என் வீட்டில் யாருமில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தோம்.

அப்போது நடுச் சுவரில் கேட்டது.

என் வீட்டுப் பக்கமிருந்து.

டொக்.

ஒன்று மட்டும். பிறகு நின்றது. காத்திருப்பதுபோல...

எங்களில் யாரும் பதில் தட்டவில்லை.

விடிந்ததும் தோட்டத்து ஆட்களும் பொலிஸும் வந்தார்கள். உடலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, மாலைக்கு முன் உயிர் போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதாவது மரியநாயகி "இப்பக் கொறட்டை இல்ல" என்று சொன்ன நேரத்துக்குள். புதன் இரவு எனக்குக் கணக்குச் சரியாகச் சொன்னது அவரில்லை. வியாழன் பகல் ஜன்னலைச் சாத்தியிருந்ததும், பலகையில் தட்டியதும் அவரில்லை.

எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழப்பத்துக்கு அடையாளம் ஒன்றும் இல்லை. கிளினிக் டொக்டரிடம் எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னேன். தட்டும் சத்தத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குறட்டையைப் பற்றித்தான் சொன்னார். நினைவு தப்பியவர்களுக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக் குழாயை அடைக்கும்; வெளியே நிற்பவருக்கு அது குறட்டையாகக் கேட்குமாம். புதன் காலை ஆறு மணிக்குக் கொண்டு வந்திருந்தால், பெரும்பாலும் எழுப்பியிருக்கலாம் என்றார். அந்தப் பாணி மருந்தையே ஆசனவாய் வழியாக ஏற்றுவார்களாம். எப்படி வேலை செய்யும் என்று அவர் படம் போட்டு விளக்கினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விளக்கத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டு, கினிகத்தேனை டவுனில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு வந்துவிட்டோம்.

பதினாறாம் நாள் கருமாதி. போகாமல் இருக்க முடியவில்லை. மீனம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் வாசலில் ஓரமாக நின்றேன். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அவளே வந்தாள். கையில் போன்.

"தம்பி, இத ஒங்ககிட்ட மட்டும் கேக்கணும்" என்று போனை நீட்டினாள். கந்தப்பன் அவளுக்கு எடுத்த கடைசி அழைப்பு. செவ்வாய் இரவு 2.26. நாற்பத்தொரு விநாடி.

"ஜீவராணிக்கு அப்பத்தான் வலி கண்டுருச்சு. ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டுப் பேசுனேன். இவரு ரகசியமாப் பேசுற மாதிரி மெதுவாப் பேசுனாரு. 'அமிர்தம் செவுத்துல தட்டுறான் புள்ள. என்னால எந்திரிக்க முடியல. போன வாய்கிட்ட வச்சிக்கிட்டுக் கெடக்கேன், கை தூக்க வரல'ன்னாரு. அப்புறம்..."

அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"'நான் தட்டல. ஆனா இங்கன, என் கட்டில்ல என் பக்கத்துல ஒக்காந்து, அவனுக்கு யாரோ பதில் தட்டுறாங்க. அவன வரச் சொல்லு'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"டொக்டரு முன்னாடியே சொல்லியிருந்தாருல்ல, இப்படியெல்லாம் ஒளறுவாருன்னு. பாணியக் குடிச்சிட்டுப் படுங்கன்னு சொல்லி வச்சிட்டேன். ஒங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல தம்பி. நீங்கதான் முழிச்சிருக்கீங்களே... ஒன்னுன்னா செவுத்துலயே தெரிஞ்சிருமேன்னு நெனச்சேன்."

செவ்வாய் இரவு 2.25க்கு நான் மூன்று தட்டினேன். நான்கு வந்தது. இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சீக்கிரமாக அவர் ஒரு நாளும் பதில் தட்டியதில்லையே என்று சந்தோஷப்பட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.